சத்தமில்லாமல் சிங்கப்பூர் போவது

பாலக்கரையில் ஒரு மாவு மில். அதன் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை. கீழே மிளகாய் அரைபட்டால் மேலே எல்லாரும் தும்முவார்கள், கடைக்காரி ருக்கையாவைத் தவிர. அவளுக்கு வயது முப்பத்தொன்று. சத்தமே வராத கம்ப்யூட்டர் கட்டித் தருவதில் திருச்சியில் அவளுக்குப் பெயர் இருந்தது. அத்தனை இரைச்சலுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு சத்தமில்லாததை எப்படிக் காதால் சோதிக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். பேச்சில் அவ்வளவு சிக்கனம். வாடிக்கையாளர்கள் அந்தக் கடையை மடம் என்றே சொல்வார்கள்.

ஒரு புரட்டாசிக் காலையில் தாயுமானவன் அந்த மடத்துப் படியேறி வந்தார். வயது அறுபத்து மூன்று. முப்பத்து நாலு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மூச்சு அடங்குவதற்குள் மூன்று முறை தும்மினார்.

"சத்தம் இல்லாமப் பறக்கணும்," என்றார்.

ருக்கையா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். "எங்கே?"

"சிங்கப்பூர்."

அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

விஷயம் இதுதான். வாழ்நாளெல்லாம் பச்சைக்கொடி காட்டி மற்றவர்களை அனுப்பிவைத்த தாயுமானவன், ஓய்வுக்குப் பிறகு தானே புறப்படுவது என்று முடிவு செய்தார். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டினார். தினமும் காலை ஆறு நாற்பதுக்குத் திருச்சியிலிருந்து கிளம்பி, நாலு மணி நேரம் கடல்மேல் பறந்து, சிங்கப்பூரில் இறங்கிக் காலை டிபன் சாப்பிடுவார். டைம்டேபிளை அவரே தயாரித்து, அவரே கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார். இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் தாமதமில்லை. காய்ச்சல் கண்ட அன்றுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விமானம் ஓடுபாதையில் வேகம் எடுக்கும்போது கம்ப்யூட்டருக்குள் விசிறிகளும் வேகம் எடுக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை வந்து, "கிரைண்டர்ல கல்லு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"சத்தத்துல உங்களுக்கு என்ன சார் கஷ்டம்? நிஜ விமானத்துலயும் சத்தம் இருக்குமே," என்றாள் ருக்கையா.

"எனக்குக் கஷ்டம் இல்ல. குழலிக்கு."

குழலி அவர் மனைவி. முழுப்பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டைச் சாமியின் பெயர் அவருக்கு, அம்மனின் பெயர் அவளுக்கு. ஜாதகத்தை மூடி வைத்துவிட்டுப் பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்து முடித்த கல்யாணம். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். இப்போது ஹூஸ்டனில் நாலு பிள்ளைகளுக்குச் செல்போன் வழியாகப் பாட்டுச் சொல்லித் தரப் போகிறாள். விஜயதசமிக்கு அடுத்த திங்கட்கிழமை ஆரம்பம். அங்கே இரவு எட்டு மணி, இங்கே காலை ஆறரை. சிக்னல் கிடைப்பது ஹாலில் மட்டும்தான். கம்ப்யூட்டர் இருப்பதும் அங்கேதான். படுக்கையறையில் கட்டிலும் பீரோவும் போக ஆள் நிற்கவே இடம் இல்லை.

ஒரு நாள் ஒத்திகை பார்த்தாள். தம்பூரா சுருதியைப் போட்டு வாயைத் திறந்தாள். ஹூஸ்டனிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், நீங்க சட்னி அரைக்கிறீங்களா?"

குழலி போனை வைத்தாள். கணவனைப் பார்த்தாள். "அந்தத் திங்கட்கிழமைக்குள்ள இது வாயை மூடணும். இல்லேன்னா பரண்ல ஏறணும்."

தாயுமானவனுக்கு முழங்காலில் தேய்மானம். கம்ப்யூட்டர் பரணில் ஏறினால் அது அவருக்கு எட்டாத உயரம். சிங்கப்பூர் அதோடு முடிந்தது.

"தண்ணியில குளிர வைக்கலாம்னு பேப்பர்ல படிச்சேன். பெரிய ரேடியேட்டரா ஒண்ணு கொடுங்க. எப்படி மாட்டுறதுன்னும் சொல்லிக் கொடுங்க. என் வண்டியை நானே கட்டணும், குருவே."

தன் மகளைவிடச் சின்னவளை அவர் குருவே என்று கூப்பிட்டார். ருக்கையா வேண்டாம் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நாள் விட்டுவிட்டாள்.

*

பாடம் இரண்டு வாரம் நடந்தது.

பெட்டிக்குள் சூடு பிடிப்பவை இரண்டு. கணக்குப் போடும் பிராசசர் ஒன்று, படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று. பிராசசருக்குக் கம்பெனியிலேயே தண்ணீர் அடைத்து மூடி வரும் சின்ன செட்டை ருக்கையா எடுத்து வைத்தாள். கிராபிக்ஸ் கார்டுக்கு, தனியாகப் பம்ப், தொட்டி, குழாய், ரேடியேட்டர் எல்லாம் வாங்கி நாமே இணைத்துக்கொள்ளும் சுற்று. கார்டின் மேல் உட்காரும் செம்புத் தட்டுக்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். பாதி ரெடிமேடு, பாதி கைவேலை. ஹைப்ரிட் என்பார்கள்.

தாயுமானவனுக்கு இரண்டு தண்ணீர் பிடிக்கவில்லை. "ரெண்டையும் ஒரே லைனா ஜாயின் பண்ணிட்டா என்ன குருவே? ஒரே பம்ப். ஒரே சுத்து. நிர்வாகம் சுலபம்."

ருக்கையா மேசை இழுப்பறையிலிருந்து பழைய ரெடிமேடு செட் ஒன்றின் ரேடியேட்டர்த் துண்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். வெளியே பளபளப்பு. உள்ளே வெள்ளைப் புற்று. விரல் வைத்த இடம் பொடியாய் உதிர்ந்தது.

"இது அலுமினியம். அந்தத் தட்டு செம்பு. ரெண்டையும் ஒரே தண்ணியில போட்டா ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும்."

"எது கெட்டது?"

"ரெண்டுமே நல்லது சார். தனித்தனியா."

தாயுமானவன் உதிர்ந்த பொடியை விரலால் ஒதுக்கினார். "குழலியும் இதையேதான் சொல்றா. அவ எங்க அம்மாவைப் பத்திச் சொல்லுவா," என்றார்.

தண்ணீர் எது என்ற கேள்வி அடுத்து வந்தது. காவிரித் தண்ணீர் விசேஷம் ஆயிற்றே என்றார்.

"காவிரியில மீன் இருக்கும் சார்," என்று சொல்லி, சுத்திகரித்த தண்ணீர் கேன் ஒன்றைக் கொடுத்தாள்.

*

எல்லாப் பாகங்களும் வீட்டுக்கு வந்த மறுநாள் ஆயுத பூஜை.

குழலி விளக்குக்கு முன்னால் தம்பூராப் பெட்டியை வைத்தாள். அரிவாள்மனை, கத்தரிக்கோல், தாயுமானவன் ஞாபகமாக வைத்திருந்த பழைய விசில் எல்லாம் வந்தன. அவற்றோடு பம்பும் ரேடியேட்டரும் குழாய்களும் செம்புத் தட்டும் வரிசையாக உட்கார்ந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். செம்புத் தட்டின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மின்னியது. அதுதான் முகம் என்று நினைத்து, அந்தப் பக்கத்தின் நடுவில், மற்றவற்றுக்கு வைத்ததைவிடச் சற்றுத் தாராளமாகவே வைத்தாள்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்தது. தாயுமானவன் வேலையில் இறங்கினார். கார்டின் மேல் தட்டைப் பொருத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் ஒரு பேஸ்டைத் தடவி இறுக்க வேண்டும். தட்டைத் திருப்பினார். நட்டநடுவில் பொட்டு. ஒரு நாள் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

துணியைக் கையில் எடுத்தார். கை போகவில்லை.

குழலி வைத்த பொட்டை அழிப்பதா? பொட்டை அழிப்பது என்ற சொல்லே அவர் வாயில் வராது. முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் கதவில் வைத்தது, சைக்கிளில் வைத்தது, ஒருமுறை மறதியாக டெலிபோனில் வைத்தது, எதையும் அவர் துடைத்ததில்லை. சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பொட்டைச் சுற்றிலும் தாராளமாகப் பேஸ்டைப் பிதுக்கினார். தட்டைக் கவிழ்த்து நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினார்.

மற்றதெல்லாம் குரு சொன்னபடி செய்தார். ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டிஷ்யூ காகிதம் வைத்து, ஒரு நாள் முழுக்கப் பம்பை மட்டும் ஓடவிட்டு, கசிவு இல்லை என்று உறுதி செய்தார். குழாயில் மாட்டிய காற்றுக்குமிழி போக, பெட்டியைத் தூக்கி மடியில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்தார். உள்ளே களக் களக் என்றது.

"என்னங்க, பால் குடிச்சிடுச்சா? ஏப்பம் எடுக்கறீங்களே," என்றாள் குழலி.

வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு விமானம் கிளம்பியது. இரண்டாயிரம் அடி ஏறுவதற்குள் கார்டின் சூடு தொண்ணூறைத் தாண்டியது. ரேடியேட்டர் விசிறிகள் ஊளையிட்டன. அப்புறம் திரை இருண்டது. நூற்றெண்பது பயணிகளோடு விமானம் இருட்டுக்குள் போய்விட்டது.

குழலி பரணைப் பார்த்தாள். பரணைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

*

"காற்று?" என்றாள் ருக்கையா.

"வெளியேத்திட்டேன்."

"பம்ப்?"

"ஓடுது. தொட்டுப் பார்த்தேன். நாடி மாதிரி துடிக்குது."

"பேஸ்ட்?"

"போட்டேன். நிறையவே போட்டேன்."

"பேஸ்டுக்கு முன்னாடி?"

தாயுமானவன் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே மல்லி அரைபட்டுக்கொண்டிருந்தது.

"கார்டைக் கழட்டி எடுத்துட்டு வாங்க," என்றாள்.

அவர் தண்ணீரை வடித்து, கார்டைத் தட்டோடு கழற்றி, துண்டில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்து சீட்டு அம்மாள், துண்டுக்குள் சாமியா என்று கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

ருக்கையா நாலு ஸ்க்ரூவையும் எடுத்துத் தட்டைப் பிரித்தாள். கடை முழுக்கச் சந்தனம் மணந்தது. தொண்ணூறு டிகிரியில் வெந்த சந்தனம். பொட்டு ஓடாக இறுகி, தட்டையும் கார்டையும் சேரவிடாமல் நடுவில் நின்றிருந்தது.

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"துடைச்சிடுங்க குருவே. நான் திரும்பிக்கறேன்."

"நான் தொடமாட்டேன் சார்."

"அப்போ நானா?"

"வச்சவங்ககிட்ட கொண்டு போங்க."

மறுபடியும் துண்டு, மறுபடியும் டவுன் பஸ். வீட்டுக்கு வந்து, சமையலறை வாசலில் நின்று, துண்டை விரித்துக் காட்டினார். குழலி கரண்டியோடு குனிந்து பார்த்தாள்.

"இதோடயா மூடி வச்சீங்க?"

"நீ வச்சதாச்சே."

"வச்சது பூஜைக்குங்க. மறுபூஜை முடிஞ்சா துடைச்சுட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே? அரிவாள்மனையில கூடத்தான் வச்சேன். பொட்டோடவா கத்திரிக்காய் நறுக்கறேன்?" என்று சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் ஒரே இழுப்பு. தட்டில் செம்பு மின்னியது. "முப்பத்தெட்டு வருஷமா அந்தக் கதவுல பொட்டு பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டே இருக்கே, நீங்க துடைப்பீங்கன்னு நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

தாயுமானவன் கதவைப் பார்த்தார். பிறகு கார்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

*

ஞாயிற்றுக்கிழமை விமானம் சத்தமில்லாமல் சிங்கப்பூர் போனது. சூடு ஐம்பத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. விசிறிகள் சுற்றுகின்றனவா என்று பார்க்க அவர் காகிதத்தைக் கிழித்துப் பக்கத்தில் பிடிக்க வேண்டியிருந்தது. குழலி தம்பூரா சுருதியைப் போட்டுக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே," என்றாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவளிடமிருந்து அவர் மூன்றாவது முறையாகக் கேட்கிறார்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு வகுப்பு ஆரம்பித்தது.

தெருவில் பால்காரர் சத்தம் கேட்கக் கூடாதென்று குழலி ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். கம்ப்யூட்டர் அடங்கியதும், இத்தனை நாள் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒரு சத்தம் வெளியே வந்தது. மின்விசிறி தலைக்கு மேலே கிறீச் கிறீச் என்றது. எழுந்து அதையும் நிறுத்தினாள். இப்போது ஹாலில் சுருதி மட்டும்தான்.

ஆறு நாற்பதுக்குத் தாயுமானவன் புறப்பட்டார். சத்தமே இல்லை. பெட்டியின் தலையில் இருந்த ரேடியேட்டரிலிருந்து இட்லிக் குண்டானைத் திறந்தாற்போல் வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. சாத்திய ஹாலில் அதற்குப் போக்கிடம் இல்லை. ஏழு மணிக்குக் குழலியின் ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. நெற்றியிலிருந்து இறங்கிய வேர்வை கண்ணில் புகுந்தது. புறங்கையால் துடைத்தாள். மறுபடியும் இறங்கியது. மேல் ஸ்தாயியைப் பிடிக்கும்போது கன்னத்தில் இரண்டு கோடாக வழிந்தது.

"டீச்சர், ஏன் அழறீங்க?" என்றது ஹூஸ்டன்.

இன்னொரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டது. அந்த அம்மா திரைக்கு வந்து, பாட்டின் உருக்கத்தைப் புரிந்துகொண்டதாகச் சொல்லித் தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழலி நன்றி சொல்லி வகுப்பை முடித்தாள். போனை வைத்தாள். திரும்பினாள்.

தாயுமானவன் அந்தமானுக்குத் தெற்கே முப்பத்தையாயிரம் அடியில் இருந்தார்.

"நாளைக்குக் காலையில இந்த அடுப்பு பரண் மேல இருக்கும்," என்றாள் குழலி. "தூக்கி வைக்க எதிர்வீட்டுக்காரரை வரச் சொல்றேன்."

*

அவர் படியேறி வந்தபோது அன்றைக்கு மிளகாய். தும்மித் தீர்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"சூடு போகலை குருவே."

"போயிடுச்சே சார். ஐம்பத்தெட்டுதான்னு நீங்கதானே போன்ல சொன்னீங்க?"

"அது பெட்டிக்குள்ள. ஹால் வேகுது."

"பின்ன எங்க போகும்?"

தாயுமானவன் விழித்தார். "தண்ணி அதைத் தின்னுடும்னு நினைச்சேன்."

"தண்ணி ஒண்ணையும் தின்னாது சார். ஒரு இடத்துல ஏத்திக்கிட்டு இன்னொரு இடத்துல இறக்கி வைக்கும்."

"எங்க இறக்கி வைக்குது?"

"இன்னிக்குக் காலையில உங்க வீட்டம்மா மேல."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பஸ்ஸில் வரும்போது வரைந்தது. கோடுகள் பஸ்ஸோடு சேர்ந்து குலுங்கியிருந்தன. ஹால் சுவரில் ஓட்டை போட்டு, குழாயை வெளியே கொண்டுபோய், மாடிப்படிக்கு அடியில் இரண்டாவது ரேடியேட்டர். அதற்கு இன்னொரு பம்ப். தண்ணீர் ஏறாவிட்டால் நடுவில் மூன்றாவது பம்ப். மழைக்கு ஒரு தகரக் கூரை.

"இன்னிக்கே வாங்கிட்டுப் போறேன். சாயங்காலத்துக்குள்ள சுவரை இடிச்சிடலாம். ஒரு வழி சொல்லுங்க. நாளைக்கு அது பரண்ல ஏறிட்டா நான் இனிமே எங்கயும் போக முடியாது."

காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார்.

ருக்கையா படத்தைப் பார்த்தாள். தகரக் கூரையின் மேல் விரலை வைத்தாள். பிறகு காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"சார், நீங்க வேலை பார்த்த ஸ்டேஷன்லாம் ஒத்தை லைனா, டபுள் லைனா?"

"ஒத்தை லைன். முப்பத்து நாலு வருஷமும்."

"அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் வருது. இந்தப் பக்கம் பாசஞ்சர் கிளம்ப நிக்குது. என்ன செய்வீங்க?"

தாயுமானவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் பழைய யூனிஃபார்மின் பித்தான்கள் ஏறிக்கொண்டன. "பாசஞ்சரைப் பிடிச்சு வைப்பேன். சிக்னல் கிடையாது."

"அதுக்கு நேரம் ஆயிடுச்சுன்னா?"

"ஆகட்டும்."

"உள்ள இருக்கறவங்க சத்தம் போட்டா?"

"போடட்டும். இறங்கி டீ குடிக்கட்டும். டிரைவரே வந்து கேட்டாலும் விடமாட்டேன்."

"எவ்வளவு நேரம் சார்?"

"எக்ஸ்பிரஸ் தாண்டற வரைக்கும். அரை மணி ஆகலாம், ஒரு மணி ஆகலாம். தாண்டினதும் பச்சைக்கொடி. இதுல நான் ஒரு நாளும் தப்புப் பண்ணதில்ல. ரெண்டு தடவை மெடல் கொடுத்திருக்காங்க."

ருக்கையா ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துக்கொண்டாள். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்ல காலையில ஆறரை மணிக்கு எக்ஸ்பிரஸ் எது சார்?"

"சிங்கப்பூர்..." என்று ஆரம்பித்த தாயுமானவன், திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டார்.